ஒன்பது மாத ஜெர்மனிச் சம்பளமும் இரண்டு நாட்டு வரிக் கணக்கும்

என் பாஸ்போர்ட்டில் 2023 அக்டோபர் 3 என்று தேதியிட்ட சென்னை விமான நிலைய முத்திரை ஒன்று இருக்கிறது. நிறுவனம் முதலில் எடுத்துக் கொடுத்த டிக்கெட் செப்டம்பர் 26-க்கானது. விசா வரத் தாமதமானதால் பயணம் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. அந்த ஒரு வாரத்தை வீட்டில் கழிக்கக் கிடைத்ததில் அப்போது எனக்கு மகிழ்ச்சிதான். அதற்கு நான் கொடுத்த விலை இரண்டு லட்சம் ரூபாய்க்கு நெருக்கமானது என்பது அடுத்த ஆண்டு ஜூலையில், ஆடிட்டரின் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

ஸ்டுட்கார்ட் நகரில் வாகன மென்பொருள் தொடர்பான பணிக்காக ஒன்பது மாதங்கள் அனுப்பப்பட்டிருந்தேன். அக்காலம் முழுவதும் சம்பளத்தை அங்குள்ள கிளை நிறுவனமே யூரோவில் வழங்கி, வரியையும் அங்கேயே பிடித்துக்கொண்டது. வரி கட்டிய சம்பளம்தானே, இந்தியாவில் என்ன வேலை இருக்கப்போகிறது என்று நினைத்தேன். ஆடிட்டர் வேறு எதையும் கேட்கும் முன் பாஸ்போர்ட்டை வாங்கி, ஒரு துண்டுத்தாளில் எண்ணத் தொடங்கினார். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் முடிய 153 நாட்கள், செப்டம்பரில் 30, அக்டோபரில் 3, ஆக மொத்தம் 186. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியக் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ நாட்டில் இருந்திருந்தால், வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அவர் இங்கே வசிப்பவர். அவர் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அது இங்கே கணக்கில் வரும். செப்டம்பர் 26 அன்றே கிளம்பியிருந்தால் என் கணக்கு 179 நாட்களோடு நின்றிருக்கும். ஜெர்மனியில் வேலை பார்த்து அங்கேயே பெற்ற அந்த ஆறு மாதச் சம்பளத்தை இந்தியா தொட்டிருக்காது. திரும்பி வந்தது 2024 ஜூன் 30 என்பதால், அடுத்த நிதியாண்டில் நாட்களை எண்ணிப் பார்க்கவே தேவையில்லை; அப்போதும் நான் இங்கே வசிப்பவர்தான்.

இரு நாடுகளுக்கும் இடையே இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு, ஒரு நாட்டில் வரி கட்டினால் மற்ற நாட்டில் கட்ட வேண்டாம் என்று நான் புரிந்துகொண்டிருந்தது தவறு. இந்தியா அந்தச் சம்பளத்தையும் சேர்த்தே வரியைக் கணக்கிடும்; பிறகு ஜெர்மனியில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கும். அந்தக் கழிவும், அந்த வருமானத்துக்கு இந்தியாவில் வரக்கூடிய வரியைத் தாண்டாது. எளிமையாகச் சொன்னால், இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு நாம் கட்டியாக வேண்டும். அந்த ஆறு மாத யூரோச் சம்பளம் ரூபாய்க் கணக்கில் 24 லட்சத்துக்குச் சற்று மேல். இங்குள்ள ஆறு மாதச் சம்பளத்தோடு சேர்ந்தபோது அதன் பெரும்பகுதி 30 சதவீத அடுக்கில் போய் உட்கார்ந்தது. ஜெர்மனியில் மாதம் 4,500 யூரோவுக்கு எழுநூற்றுச் சொச்சம் யூரோ வரியாகப் பிடித்திருந்தார்கள். அதற்கு மேல் அங்கே ஓய்வூதியத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பிடித்த தொகை இன்னும் பெரியது. ஆனால் அது வருமான வரி அல்ல என்பதால் இந்தக் கழிவில் சேரவில்லை. எனக்கு மிகவும் வலித்தது அந்த இடம்தான்.

கணக்கைத் தயாரிக்கும் வேலையே ஒரு வாரத்தை விழுங்கியது. யூரோவை ரூபாயாக மாற்ற, கூகுளில் தேடிக் கிடைக்கும் விலையைப் போட முடியாது. சம்பளம் வந்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கி அறிவித்த, தந்தி மாற்று முறையில் வாங்கும் விலையைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் தாளில் ஒரு தனி வரிசை, ஒவ்வொன்றுக்கும் வேறு விலை. ஜெர்மனியில் வரி ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. நமக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அங்கே நிறுவனம் கொடுக்கும் லோன்ஸ்டாயர்பெஷைனிகுங் என்னும் வரிப் பிடித்தச் சான்றிதழ், நம் படிவம் 16 போன்றது, அதுவும் நாட்காட்டி ஆண்டுக்குத்தான் வரும். எனவே 2023-க்கான சான்றிதழை முழுமையாகவும், 2024-க்கு முதல் மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளைத் தனியாகவும் சேர்த்து, வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கழிவு கேட்கும் படிவம் 67-ஐ இணையத்தில் தாக்கல் செய்தோம். இந்தப் படிவம் இல்லாமல் கழிவு கேட்டால் கேள்வி வரும். வருமான வரிக் கணக்குத் தாக்கலும் ஐடிஆர் 1 என்னும் எளிய படிவத்தில் முடியாது. வெளிநாட்டு வங்கிக் கணக்கு இருப்பதால் ஐடிஆர் 2-தான். கேட்கவே வியப்பாக இருந்தது: அங்குள்ள வங்கிக் கணக்கில் அதிகபட்சமாக எவ்வளவு இருந்தது, டிசம்பர் 31 அன்று எவ்வளவு இருந்தது என்பதையெல்லாம் எழுத வேண்டும், எழுதாமல் விட்டால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் பத்து லட்சம் ரூபாய் தண்டம் விதிக்க இடம் உண்டு. வாடகையும் மின்கட்டணமும் போக ஓராயிரம் யூரோ கிடந்த கணக்கு அது; அவ்வளவு சிறிய இருப்புக்குத் தண்டத்திலிருந்து விலக்கு உண்டு, ஆனாலும் எழுதியாக வேண்டும்! மேலும், யூரோச் சம்பளத்துக்கு இங்கே யாரும் வரி பிடிக்கவில்லை என்பதால் நானே ஆண்டு முடியும் முன்பே தவணை தவணையாக அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியிருக்க வேண்டுமாம். கட்டாததற்கு மாதம் ஒரு சதவீதம் வட்டி.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்பும் முன், உடன் வேலை பார்த்த ஒருவர், ஜெர்மனியிலும் கணக்குத் தாக்கல் செய்தால் நல்ல தொகை திரும்பி வரும் என்று சொன்னார். அது உண்மைதான். ஆண்டு முழுவதும் இதே சம்பளம் வரும் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் வரி பிடிக்கிறார்கள். மூன்றே மாதம் வேலை பார்த்தவருக்கு அது மிகையான பிடித்தம். 2023-இல் அங்கே 10,908 யூரோ வரை வரி கிடையாது. எனக்குக் கழிவுகள் போக அதைவிடக் குறைவாகவே வந்தது. ஆனால் அதே ஆண்டில் அங்கு செல்லும் முன் இந்தியாவில் ஈட்டிய சம்பளத்தையும் கேட்டு, அதற்கு வரி போடாமல், வரி விகிதத்தை நிர்ணயிக்க மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள். அதனால் முழுத் தொகை வராமல், ஏறத்தாழ 1,280 யூரோ அக்டோபரில் திரும்பி வந்தது.

அந்த மகிழ்ச்சியில் ஆடிட்டருக்கு இனிப்போடு போனேன். அவர் பெட்டியைத் திறக்கவில்லை. “தம்பி, ஜெர்மனியில் கட்டிய வரி என்று ஜூலையில் எழுதிக் கொடுத்தோமே, அது இப்போது குறைந்துவிட்டது, பார்த்தீர்களா?” என்றார். திருப்பித் தரப்பட்ட வரி, கட்டிய வரி ஆகாது. இந்தியாவில் எனக்கு வந்த வரி ஜெர்மனி வரியைவிட அதிகம் என்பதால், அங்கே குறைந்த ஒவ்வொரு யூரோவும் இங்கே கூடியே தீரும். டிசம்பர் 31-க்குள் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, அந்தத் தொகையை வட்டியோடு கட்டினேன். ஜெர்மனி அரசு எனக்குக் கொடுத்ததாக நான் நினைத்தது, என் வழியாக டெல்லிக்குப் போனது.

2024-க்கான ஜெர்மனி வரிக் கணக்கில் எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. அதில் திரும்பக் கிடைத்த தொகை 2025 வசந்த காலத்தில்தான் வந்தது. அதில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான பங்கு, திருத்துவதற்கான கெடு முடிந்துபோன பழைய நிதியாண்டைச் சேர்ந்தது. எஞ்சியிருந்த ஒரே வழி, அந்தக் கெடுவுக்குப் பிறகும் தாக்கல் செய்யக்கூடிய ‘புதுப்பித்த கணக்கு’. அதற்கு வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். திரும்ப வரப்போகும் தொகையை டிசம்பரிலேயே உத்தேசமாகக் கணக்கிட்டுக் கழிவைக் குறைத்துக் காட்டியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். ஆடிட்டருக்கும் அப்போது அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அந்தத் தொகை வந்து சேர்வதற்காகவே ஜெர்மனி வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருந்தேன். 2025 ஜூனில் மூடிவிட்டேன். இருந்தும் அந்த ஆண்டில் சில மாதங்கள் அது என் பெயரில் இருந்ததால், அடுத்த கணக்குத் தாக்கலிலும் அதன் இருபத்திரண்டு எழுத்து எண்ணை ஒரு முறை எழுதியாக வேண்டும் என்று ஆடிட்டர் தன் நாட்குறிப்பில் குறித்து வைத்திருக்கிறார்.