நீடில் பேரிங் உதிர்ந்த கதை

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடித் திரும்பிய பந்தய எஞ்சினைச் சென்ற மாதம் பிரித்தபோது, வால்வைத் தள்ளித் திறக்கும் சிறு நெம்புகோலான ராக்கர் ஆர்மின் நீடில் பேரிங் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட தாங்கி) உதிர்ந்து, ஊசிகள் எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பில் கிடந்தன. பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பது என் கருத்து. ராக்கர் ஆர்ம் முழுச் சுற்றுச் சுற்றாமல் சில பாகைகளே முன்னும் பின்னும் அசைவதால், குறிப்பிட்ட சில ஊசிகளே எப்போதும் சுமையைத் தாங்கி, தண்டில் பள்ளம் பதிக்கின்றன. அதற்கு மேல், வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் உயர் வேகத்தில் வால்வு, தன்னை இயக்கும் சுழல் பாகமான கேமைப் பின்தொடராமல் மிதந்து, ஒவ்வொரு முறையும் சம்மட்டி அடியாக இறங்கும். ஸ்பிரிங்குகளைச் சோதனைக் கருவியில் அழுத்திப் பார்த்தபோது அவை தளர்ந்திருந்தது உறுதியானது. புதிய ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, டேப்பட் இடைவெளியை (வால்வு இயக்கப் பாகங்களுக்கு இடையே விடும் சிறு இடைவெளி) சரிசெய்து, நீடில் பேரிங்குக்குப் பதிலாக வெண்கல புஷ் (ஊசிகள் இல்லாத வழவழப்பான குழல் வடிவத் தாங்கி) கடைந்து போட்டோம். கோவையில் லேத் பட்டறைக்கா பஞ்சம்! புஷ்ஷுக்கு எண்ணெய் இடைவிடாமல் வேண்டும் என்பதால், மூடுவதற்கு முன் எண்ணெய்த் துளைகள் அனைத்தையும் காற்றடித்துச் சுத்தம் செய்தேன்.