பேர்ண் வெங்காயச் சந்தைக்குப் போகிறீர்களா?

சுவிஸ் தலைநகர் பேர்ணில் நவம்பர் மாத நாலாம் திங்கட்கிழமை வெங்காயச் சந்தை. ஊர்க்காரர் பேச்சில் சிபெலெமேரித். ஆறுதலாகப் பத்து மணிக்குப் போனால் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கலாம். கடைகள் இருட்டோடு திறந்துவிடும். வேலைநாள் என்பதால் பலர் சந்தையை முடித்துக்கொண்டுதான் அலுவலகம் போவார்கள். அதிகாலைக்கென்று கூடுதல் ரயில்களும் ஓடும். பாராளுமன்றத்துக்கு முன்னாலுள்ள புண்டெஸ்பிளாட்ஸ், நிலையத்திலிருந்து சில நிமிட நடை. ஆறு மணிக்கு அங்கே நின்றால் வெங்காயச் சரங்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். குழந்தைத் தள்ளுவண்டியோடு போகிறவர்கள் எட்டுக்கு முன்பே திரும்பிவிடுவது நல்லது.

1405இல் பேர்ண் எரிந்தபோது உதவிக்கு வந்த பக்கத்து நகரமான ஃப்ரிபூர்க்காரருக்குக் கைம்மாறாகக் கிடைத்த விற்பனை உரிமை இது என்று கதை சொல்வார்கள். வெங்காய விற்பனைக்கான ஆதாரம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான் கிடைக்கிறது. ஆனாலும் கதைதான் நின்றுவிட்டது.

வாங்கவேண்டியது பின்னிய சரம். காய்ந்த பூக்கள் செருகி அழகாகத்தான் தொங்கும்; பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு வெங்காயத்தின் கழுத்தையும் விரலால் அழுத்துங்கள். காய்ந்து இறுகியிருந்தால் குளிர்காலம் நெடுக இருக்கும். மெத்தென்றிருந்தால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளதும் போகும். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஈரம் அடைபட்டால் பூஞ்சணம் பிடிக்கும். குசினிச் சூட்டில் தொங்கவிட்டால் முளைவிடும். காற்றோட்டமும் குளிர்ச்சியும் உள்ள உலர்ந்த கெல்லர், அதாவது வீட்டு நிலவறைதான் சரியான இடம், ஆனால் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் வேண்டாம். தேவைப்படும்போது கத்தரியால் வெட்டி எடுங்கள். பிடித்து இழுத்தால் பின்னல் தளரும்.

கொன்ஃபெட்டி எனும் வண்ணக் காகிதத்துண்டு மழைக்குத் தப்ப முடியாது. ஜாக்கெட் ஸிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து சிரிக்கிறவர்களைத்தான் இளசுகள் குறிவைக்கும். பிள்ளைகள் நிலத்தில் கிடப்பதை அள்ளி எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மணலும் சிறுகல்லும் கலந்திருக்கும்.

சூடான மசாலா வைனைக் கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு தந்தால், அதே கடையில் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துக் காசை மறக்காமல் வாங்குங்கள்.

நவம்பர் நாலாம் திங்கள் எப்போதுமே கார்த்திகைச் சோமவாரமாகத்தான் வரும். விரதகாரர் கவனிக்கவேண்டியது சந்தையில் விற்கும் வெங்காய டார்ட், அதாவது அடிமாவில் வெங்காயமும் முட்டைக்கலவையும் ஊற்றிச் சுட்டது. பெரும்பாலும் பொடியாய் நறுக்கிய பன்றி இறைச்சி முட்டைக்கலவைக்குள்ளேயே இருக்கும், பொறுக்கி எடுக்க முடியாது. “ஓனே ஷ்பெக்” (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று கேட்டே வாங்குங்கள். முட்டையும் ஆகாதென்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு: 28 செ.மீ. தட்டுக்கு ஒரு கிலோ வெங்காயம், மூன்று முட்டை, 2 டெசிலிட்டர் கிரீம். வெங்காயத்தை வெண்ணெயில் சிவக்கவிடாமல் நீர் வற்றும்வரை வதக்கி, ஆறவிட்டே கலக்குங்கள். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரியும். 220 பாகையில் ஓவனின் அடித்தட்டில் சுமார் 35 நிமிடம். மேல்தட்டில் வைத்தால் மேலே கருகும், அடிமாவு பச்சையாகவே இருக்கும்.