3 கிலோ தக்காளி, 2 பாட்டில் சாஸ்

தட்டில் ஒரு சொட்டு விட்டேன். சுற்றிலும் தண்ணீர் பிரிந்தது. இன்னும் பதம் வரவில்லை.

காலையில் வண்டிக்காரர் கிலோ 10 ரூபாய் என்று கூவினார். ராயக்கோட்டைத் தக்காளியாம். 3 கிலோ அள்ளிவிட்டேன்.

வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, பட்டை, கிராம்பு, பூண்டைத் துணியில் முடிந்து போட்டு, ஒன்றரை மணி நேரம் கிண்டினேன். மறுபடி ஒரு சொட்டு. இந்த முறை விட்ட இடத்திலேயே குவிந்து நின்றது. என்ன ஒரு நிம்மதி!

கடைசியில் சர்க்கரை, உப்பு, வினிகர். கடைச் சாஸின் சிவப்பு வரவில்லை, செங்கல் நிறம்தான். இருக்கட்டும், தக்காளி வாசம் இருக்கிறது.

ராத்திரி தோசைக்குத் தொட்டுக்கொண்ட சின்னவள் தட்டை வழித்து நக்கினாள்.

பறிகூலிகூடத் தேறாமல் விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்களே, அதுவும் இதே தக்காளிதான்.

என் 10 ரூபாயில் விளைவித்தவர் கைக்கு எவ்வளவு போயிருக்கும்?