டைட்ஸ் வாங்கும்போது உள்பக்கத்தையும் பாருங்கள்

டொராண்டோவில் நவம்பர் பிறந்துவிட்டால், கவுனானாலும் பட்டுப்பாவாடையானாலும் கீழே டைட்ஸ் (இடுப்பிலிருந்து பாதம் வரை காலை ஒட்டி மூடும் உடை) போடாமல் பெண் குழந்தையை வெளியே தூக்கிச் செல்ல முடிவதில்லை. கடையில் நிறத்தையும் முட்டியில் தைத்த பூனை முகத்தையும் பார்த்து மயங்கிவிடுகிறோம். ஆனால் நாள் முழுவதும் குழந்தையின் தோலோடு உரசிக்கொண்டிருப்பது உள்பக்கம்தான் என்பதால், நான் எந்த டைட்ஸையும் முதலில் கையை விட்டு உள்ளே தடவிப் பார்த்தே வாங்குகிறேன்.

முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் கால்விரல் பகுதி. அங்குள்ள தையல் தடிப்பாக இருந்தால் விரல்களை உறுத்தும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, உள்ளே தொங்கும் நூல் பிசிறு. பிசிறோ, துவைக்கும்போது ஒட்டிக்கொண்ட தலைமுடியோ குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் சிவந்து வீங்கிவிடும். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தாய்க்கு முடி அதிகம் கொட்டும் என்பதால், இது அபூர்வம்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால் டைட்ஸைக் கழற்றி ஒவ்வொரு விரலையும் விலக்கிப் பாருங்கள். முடி இறுகியிருந்து உடனே எடுக்க வரவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

துணியைப் பொறுத்தவரை, பருத்தி அதிகமாகவும் நீண்டு கொடுப்பதற்குச் சிறிதளவு எலாஸ்டேனும் கலந்திருப்பது அன்றாடத்துக்கு ஏற்றது. கனடாவில் இழைகளின் விகிதத்தை லேபிளில் சதவீதமாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே 'மிருதுவானது' என்ற விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு அந்தச் சிறிய எழுத்தைப் படியுங்கள். கடுங்குளிருக்கு மெரினோ என்னும் மெல்லிய ஆட்டுக் கம்பளி நல்லதே என்றாலும், எக்ஸிமா என்னும் தோல் அழற்சி உள்ள குழந்தைக்கு முரட்டுக் கம்பளி அரிப்பைக் கூட்டும்.

அளவுக்கு மாதக் கணக்கை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் 6–12 மாத அளவு இன்னொன்றில் முட்டிக்கே வந்து நின்றுவிடும். லேபிளில் சென்டிமீட்டரில் உயரம் இருந்தால் அதை வைத்து வாங்குங்கள். பின்புறம் கூடுதலாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்தவற்றில் டயப்பருக்கு இடம் கிடைக்கும். இல்லையென்றால் குழந்தை தவழத் தவழ இடுப்பு கீழே இறங்கிக்கொண்டே வரும். கழற்றியபின் இடுப்பில் ஆழமான சிவந்த தடம் நெடுநேரம் மறையாமல் இருந்தால், அந்த எலாஸ்டிக் இறுக்கம் என்று பொருள். நிற்கப் பழகும் குழந்தைக்குப் பாதத்தில் ரப்பர் புள்ளிகள் கட்டாயம் வேண்டும். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில் காலணியைக் கழற்றிவிட்டு வழவழப்பான தரையில் பிடித்து நிற்க வைக்கும்போது, அந்தப் புள்ளிகளின் அருமை நன்றாகவே தெரிகிறது.

காரில் குழந்தை இருக்கையின் பட்டைக்கு அடியில் தடித்த பனி உடை இருந்தால் பட்டை சரியாக இறுகாது. அதனால் உள்ளே டைட்ஸ், மேலே மெல்லிய கால்சட்டை, பட்டை மாட்டியபின் போர்வை என்பதே என் வழக்கம். வீட்டுக்குள் வந்ததும் பிடரியைத் தொட்டுப் பார்த்து, வியர்த்திருந்தால் முதலில் டைட்ஸைக் கழற்றிவிடுகிறேன்.

புதிதாக வாங்கியதை ஒருமுறை துவைத்துவிட்டே போடுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, வலைப்பையில் இட்டு, லேபிள் அனுமதிக்கும் 30 அல்லது 40 டிகிரியில், வாசனையில்லாத சோப்பில் துவைத்தால் போதும்; திருப்பும்போதே முடியும் பிசிறும் கண்ணில் பட்டுவிடும். குளோரின் பிளீச்சும் டிரையரின் அதிக வெப்பமும் எலாஸ்டேனைக் கெடுத்துவிடும். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருப்பதால், இரவில் கொடியில் போட்டது பெரும்பாலும் காலையில் காய்ந்திருக்கும். உறவினர் வீட்டிலிருந்து வரும் பழைய டைட்ஸை மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இடுப்பு தளர்ந்ததையும் பாதப் புள்ளிகள் உதிர்ந்ததையும் நடக்கும் குழந்தைக்குப் போடாதீர்கள்.