காடாட்டம் கிடக்கிற வாசல்

"என்ன சார், வாசல் காடாட்டம் கிடக்கு, ஆள் விட்டுச் சுத்தம் பண்ணக் கூடாதா?" பால்காரர் இன்றும் கேட்டார்.

கடலூர் மஞ்சக்குப்பத்துக்குக் குடிவந்த புதிதில் நானும் நர்சரியில் ஒட்டு ரோஜா, அடுக்குச் செம்பருத்தி என்று வாங்கி வைத்தவன்தான். அழகுக்குக் குறைச்சலில்லை, ஆனால் ஒரு தேனீ எட்டிப் பார்க்காது. அப்புறம்தான் கெடிலம் ஆற்றங்கரையில் விதை பொறுக்க ஆரம்பித்தேன். ஆவாரை, தும்பை, கிலுகிலுப்பை. ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. முதல் தடவை ஒன்றுகூட முளைக்கவில்லை. சிமெண்டுத் தரையில் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறப்போட்ட பிறகே வழிக்கு வந்தது.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் மகரந்தப் பையின் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். கறுப்புத் தச்சுத் தேனீ (நாம் வண்டு என்போமே, அது) பூவைக் கட்டிப்பிடித்து, இறக்கையை மடக்கியபடி உடம்பை மட்டும் அதிர விடும். ரீங்காரம் சட்டென்று 'ஜிர்ர்' என்று மாறும். வயிறெல்லாம் மஞ்சள் பொடி. காபி ஆறிப்போவது கூடத் தெரியாமல் நிற்பேன்.

போன வாரம் அம்மா தேள்கொடுக்குச் செடியைப் பிடுங்கி மதிலோரம் வீசிவிட்டார். எனக்குக் கோபம். மூன்றாம் நாள் பார்த்தால், காய்ந்த அந்தக் குவியலில் பத்துப் பன்னிரண்டு வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிகள்! எல்லாம் ஆண்கள். பெண்ணை மயக்கும் வாசனைக்குச் சரக்கு அந்தச் செடியில்தான் இருக்கிறது. வாடினாலும் விடாமல் உறிஞ்சுகின்றன.

பால்காரரிடம் ஒரு பிடி ஆவாரை விதை கொடுத்தேன். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஊன்றுவாரா தெரியவில்லை.