சுவர்தான் ஓவியத்தின் முதல் பூச்சு

கட்டடம் எழும்பி, சாரம் பிரித்து, வெள்ளையும் அடித்த பிறகுதான் பல இடங்களில் அந்தப் பேச்சு வருகிறது: "இந்தச் சுவர் வெறிச்சென்று இருக்கிறதே, இதில் ஏதாவது வரையச் சொல்லலாமா?" அப்போது ஓவியருக்குக் கிடைப்பது எல்லாமே முடிவாகிவிட்ட ஒரு சுவர். ஜன்னல் எந்தப் பக்கம், விளக்கு எங்கே, காரை என்ன கலவை, உள்ளே தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று எதையும் அவர் மாற்ற முடியாது. கலைக்கும் கட்டடக்கலைக்கும் உள்ள உறவைப் பேசுகிறவர்கள் பாணி, காலகட்டம், அழகியல் என்று போவார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் அந்த உறவு நிலைப்பதும் முறிவதும் காரையின் ஈரத்திலும், பார்க்கிறவர் நிற்கும் தூரத்திலும், வெளிச்சம் விழும் கோணத்திலும்தான். இந்தப் பதிவில் அவற்றை மட்டும் பேசலாம்.

ஈரக்காரை ஓவியத்திலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே கொத்தனார் வேலை எங்கே முடிகிறது, ஓவியர் வேலை எங்கே தொடங்குகிறது என்று கோடு போடவே முடியாது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். காரை ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் மட்டும் குழைத்த நிறத்தைத் தீட்டினால், மேற்பரப்பில் உருவாகும் கால்சியம் கார்பனேட் படிகங்கள் நிறப்பொடியைத் தமக்குள் பூட்டிக்கொள்ளும். பசை தேவையில்லை. நிறம் சுவரின் மேல் ஒட்டி நிற்பதில்லை, சுவராகவே ஆகிவிடுகிறது.

செய்முறை இப்படி. நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீர் மூடியபடியே குழியிலோ தொட்டியிலோ சில மாதங்களாவது ஊற விடவேண்டும். நல்ல வேலைக்கு ஒரு வருடத்துக்கு மேல் விடுவார்கள். நீறாத துணுக்கு ஒன்று தங்கிவிட்டாலும், சுவரில் ஏறிய பிறகு அது ஈரம் குடித்து உப்பி, காரையை வட்டமாகப் பெயர்த்துக்கொண்டு வரும். மணல் கூர்மையாகவும் உப்பு இல்லாமலும் இருக்கவேண்டும், கழுவாமல் போடக்கூடாது. செங்கல் அல்லது கல் சுவரை முந்தின நாளே நன்றாக நனைக்கவேண்டும். முதல் கனமான பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு பருமணல். கனம் 10 முதல் 15 மில்லிமீட்டர். அதை வழவழப்பாகத் தேய்க்காமல் சொரசொரப்பாகவே விடவேண்டும், அடுத்த பூச்சு பிடிக்க அதுதான் வழி. வாரக்கணக்கில் காய்ந்த பிறகு ஓவியத்தின் வெளிக்கோடுகளை அதன் மேல் மாற்றுவார்கள்.

கடைசிப் பூச்சு மெல்லியது, 3 முதல் 5 மில்லிமீட்டர். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு நுண்மணல், இல்லையென்றால் சலவைக்கல் பொடி. அன்றைக்குத் தீட்டி முடிக்கக்கூடிய பரப்புக்கு மட்டும்தான் பூசவேண்டும். பூசியதும் தூரிகையை எடுத்துவிடக்கூடாது. விரலால் மெல்லத் தொட்டால் பள்ளம் விழாமல், குளிர்ச்சி மட்டும் தெரியும் பதம் வரவேண்டும். அதற்கு முன்னால் தீட்டினால் தூரிகை சாந்தைக் கிளறி, நிறத்தோடு வெள்ளையும் கலந்து கலங்கிப்போகும். பதம் வந்தபின் சுவர் நிறத்தை உறிஞ்சத் தொடங்கும். வெயிலையும் காற்றையும் பொறுத்து ஆறு முதல் எட்டு மணி நேரம் கைக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகு தீட்டியது சுவரில் பூட்டப்படாது. சில மாதம் கழித்து விரலால் தடவினால் பொடியாகக் கையோடு வரும். மாலையில் மிஞ்சிய பூச்சைக் கரணையின் விளிம்பால் சரிவாக வெட்டி எடுத்துவிடுவார்கள். அந்த வெட்டு ஆடையின் மடிப்பிலோ உருவத்தின் விளிம்பிலோ விழும்படி பார்த்துக்கொள்வது அனுபவம். வானத்தின் நடுவில் வெட்டினால் மறுநாள் ஒட்டு பளிச்சென்று தெரியும். காய்ந்தால் நிறம் வெளிறும் என்பதால் அதே காரை பூசிய செங்கல் ஒன்றில் தீட்டிப் பார்த்துவிட்டே சுவரைத் தொடவேண்டும். தவறு நேர்ந்தால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

எல்லா நிறமும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காது. காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி, சுண்ணாம்பு வெள்ளை ஆகியவை தாங்கும். ஈய வெள்ளை சுவரில் கறுத்துவிடும். இத்தாலியின் அசீசி நகரில் புனித பிரான்சிஸ் மேல்பேராலயத்தில் ஓவியர் சீமாபுயே வரைந்த ஓவியங்களில் வெளிச்சமாக இருக்கவேண்டிய இடங்கள் இன்று இருண்டு கிடப்பதற்குக் காரணம் அதுதான். அசுரைட் என்ற செம்புக் கனிமத்தின் நீலத்தைக் காய்ந்த சுவரில் பசையோடு சேர்த்தே பூசவேண்டும், ஆகவே பழைய ஓவியங்களில் முதலில் உதிர்வதும் அந்த நீலம்தான்.

ஈரத்தின் அளவு தவறினால் எவ்வளவு பெரிய கலைஞராலும் தப்ப முடியாது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் மைக்கேலாஞ்சலோ 1508-இல் வேலையைத் தொடங்கியபோது, உரோமில் வழங்கிய சுண்ணாம்பும் எரிமலை மண்ணும் கலந்த சாந்தில் தண்ணீர் மிகுந்துபோய், தீட்டிய இடத்தில் பூஞ்சை படர்ந்தது. கட்டடக்கலைஞர் ஜூலியானோ த சங்காலோ வந்து பார்த்துச் சாந்தின் ஈரத்தைச் சரிசெய்யச் சொன்ன பிறகே வேலை மேலே நகர்ந்தது. லியொனார்டோ இதற்கு எதிர்ப்பக்கம் போனார். மிலான் மடத்து உணவுக்கூடத்தில் 1495 முதல் 1498 வரை வரைந்த இறுதி இராவுணவை, நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைய விரும்பிக் காய்ந்த சுவரில் தீட்டினார். ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறும் சுவர் அது. அவர் காலத்திலேயே நிறம் உரியத் தொடங்கிவிட்டது. 1652-இல் அதே சுவரில் வாசல் ஒன்றை உயர்த்தித் திறந்தபோது, நடுவில் அமர்ந்திருக்கும் இயேசுவின் பாதங்கள் போயின. அந்த ஓவியத்தில் இடப்பக்கத்து ஜன்னல் வெளிச்சம் கூடத்தின் நிஜ ஜன்னல்களோடு பொருந்துகிறது, கூரைக் கோடுகள் கூடத்தை நீட்டிக் காட்டுகின்றன. கட்டடத்தை அவ்வளவு கவனித்து வரைந்த ஓவியத்தைக் கட்டடத்தைப் பராமரித்தவர்கள் வெறும் சுவராகப் பார்த்தார்கள். எனக்கு இதைவிட வருத்தம் தரும் வாசல் வேறில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் சோழர் ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் புதுக்காரை பூசி வரைந்தார்கள். 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அடியிலிருந்த சோழ ஓவியங்களைக் கண்டறிந்தார். சுவர் ஒன்று, காரை இரண்டு, ஓவியம் இரண்டு. அங்கேயே மேல்தளச் சுற்றில் 108 கரணங்களுக்காக, அதாவது நடன நிலைகளுக்காக, வைத்த கற்களில் 81 மட்டுமே செதுக்கி முடிந்திருக்கின்றன. மற்றவை வெறும் கற்களாகவே நிற்கின்றன. எந்தக் கல்லில் எந்தக் கரணம் என்று இடம் ஒதுக்கிச் சுவரை எழுப்பிவிட்டு, நின்ற சுவரிலேயே உளி வைத்திருக்கிறார்கள் என்பது அந்த வெறும் கற்களால்தான் நமக்குத் தெரிகிறது. சிற்பத்துக்கான கனத்தைச் சேர்த்தே கல் வெட்டப்பட்டிருக்கிறது. சுமை தாங்கும் சுவரில் பிற்பாடு யோசித்து 10 சென்டிமீட்டர் குடைவது வேறு, 10 சென்டிமீட்டர் கூடுதலாக வைத்துவிட்டுச் செதுக்குவது வேறு.

இன்றைய சிமெண்ட் சுவருக்கு வரலாம். இங்கேதான் அதிகம் கெடுகிறது, காரணங்களும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. புது சிமெண்ட் பூச்சின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல் இருக்கும். அதில் எண்ணெய் வண்ணம் ஏற்றினால் காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாகி, படலம் பிசுபிசுத்து உரியும். குறைந்தது 28 நாள் விடவேண்டும், அதோடு ஈரமானி வைத்தும் பார்க்கவேண்டும். மழைக்காலத்தில் 28 நாளில் சுவர் காயாது. உப்பு பூக்கும் சுவரில் அதன் மேலேயே அடைப்புப் பூச்சு அடிப்பதால் பயனில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு நிறுத்தி, காயவிட்டு, உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்கவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். வெளிச்சுவர் என்றால் ஆவியை வெளியே விடும் வண்ணமாகப் பார்த்து எடுக்கவேண்டும். 1878-இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற பொட்டாசியம் சிலிகேட் வண்ணம் இந்த இடத்துக்குச் சரியானது. அது படலமாக நிற்காமல் கனிமப் பூச்சோடு வினைபுரிந்து இறுகுகிறது. ஏற்கெனவே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரில் பிடிக்காது, அதை முழுக்கச் சுரண்டியாகவேண்டும்.

செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் கோட்டில் விரிசல் வந்தே தீரும், இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. பூசும் முன்பே அந்தக் கோட்டின் இருபுறமும் 15 சென்டிமீட்டர் போகும்படி வலை பதிக்கவேண்டும். 10 மீட்டர் நீளக் கான்கிரீட் சுவர் 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். மொசைக்கை இடைவெளி விடாமல் ஒரே பரப்பாக ஒட்டினால், அந்த 3 மில்லிமீட்டர் தனக்கொரு இடம் தேடிக்கொண்டு முகத்தின் குறுக்கே பிளக்கும். கட்டடம் விரிந்து சுருங்க விட்ட இடைவெளியான விரிவு இணைப்பு எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்த்து, அதே கோட்டில் மொசைக்கையும் பிரித்து, மீள்தன்மையுள்ள நிரப்பியால் அடைக்கவேண்டும். தரையிலிருந்து முதல் ஒரு மீட்டரை ஓதத்துக்கென்று விட்டுவிடலாம், கல் பதிக்கலாம், ஓவியம் வேண்டாம். மேலே கைப்பிடிச்சுவரின் தலைக்கல் இருபுறமும் சற்று நீண்டு, அடியில் தண்ணீர் சொட்டுவதற்கு ஒரு காடியும் இருக்கவேண்டும். வெளிச்சுவர் ஓவியங்களில் மேலிருந்து இறங்கும் கறுப்புக் கோடுகளுக்கு அந்தக் காடி இல்லாததுதான் பெரும்பாலும் காரணம்.

தூரக் கணக்கு எளியது. படைப்பின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் நின்றால் விவரம்தான் தெரியும். இரண்டு மடங்கு தூரத்தில் முழுதும் ஒரே பார்வையில் அடங்கும். மூன்று மடங்கில் சுற்றியுள்ள கட்டடத்தோடு சேர்ந்து தெரியும். 3 மீட்டர் உயர ஓவியத்தை 2 மீட்டர் அகல நடைக்கூடத்தில் வைத்தால் அதை முழுதாகப் பார்க்க யாராலும் முடியாது. நடைக்கூடத்துக்கு நடந்துகொண்டே படிக்கிற தொடர் வரிசைதான் பொருந்தும். ஏதென்ஸின் பழைய கோயிலான பார்த்தெனானின் 160 மீட்டர் நீளச் சிற்பப்பட்டை அப்படிப்பட்டது. ஒரு மீட்டர் உயரமுள்ள அதைத் தரையிலிருந்து சுமார் 12 மீட்டர் மேலே வைத்தார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்காக மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியைவிட ஆழமாகச் செதுக்கினார்கள். சிஸ்டைன் கூரையிலோ பிரளயக் காட்சியில் சின்னச் சின்ன உருவங்கள் நெருக்கியடிக்கும். பாதி வேலை முடிந்து சாரத்தைப் பிரித்து, 20 மீட்டர் கீழேயிருந்து பார்த்த பிறகு வரைந்த காட்சிகளில் உருவங்கள் பெரிதாகி, எண்ணிக்கை குறைந்தது. சாரத்தில் நின்று அளவை முடிவுசெய்யக்கூடாது என்பதற்கு அந்தக் கூரையே போதும். உரோமின் சாந்த் இக்னாசியோ தேவாலயத்தில் அந்திரேயா பொட்சோ கூரைக்கு மேல் இன்னொரு மாளிகை எழும்புவதுபோல் வரைந்தார். அதைச் சரியாகக் காண எங்கே நிற்கவேண்டும் என்று தரையிலேயே பளிங்கு வட்டம் பதித்திருக்கிறார்கள். அதிலிருந்து தள்ளிப் போகப் போகத் தூண்கள் சாயும்.

வெளிச்சத்தில் ஒரு விஷயம் அடிக்கடி தவறுகிறது. சுவரை ஒட்டினாற்போல ஜன்னலோ விளக்கோ இருந்தால் ஒளி சுவரை உரசிக்கொண்டு போகும். புடைப்புச் சிற்பத்துக்கு அது வரம், ஒரு சென்டிமீட்டர் ஆழம்கூட நன்றாக நிழல் கொடுக்கும். ஓவியத்துக்கு அதே ஒளி கேடு, கரணையின் ஒவ்வொரு தடமும் எழுந்து நிற்கும். ஹூஸ்டனில் 1971-இல் திறந்த ராத்கோ சிற்றாலயத்தில் ஓவியர் மார்க் ராத்கோவின் 14 பெரிய ஓவியங்கள் எண்கோணச் சுவர்களில் இருக்கின்றன. நியூயார்க்கின் தன் பணிக்கூடத்தில், துணியால் மட்டுப்படுத்திய மேல்வெளிச்சத்தில் அவர் அவற்றை வரைந்தார். ஹூஸ்டனின் சூரியன் அதைவிடக் கடுமை. கூரை ஒளித்திறப்பின் கீழே தடுப்பு தொங்கவிட்டுப் பல ஆண்டுகள் சமாளித்து, 2020-இல் முடிந்த புதுப்பிப்பில்தான் அந்தத் திறப்பையே மாற்றியமைத்தார்கள். நியூயார்க்கின் குகன்ஹைம் கலை அருங்காட்சியகம் இன்னொரு வகை. சரிவான நடைபாதை, வெளிப்பக்கம் சாய்ந்த சுவர். 1956-இல், அது திறப்பதற்கு முன்பே, 21 ஓவியர்கள் இது ஓவியம் காட்ட ஏற்றதல்ல என்று கடிதம் எழுதினார்கள். கட்டடம் மிக அழகானது, ஓவியர்கள் சொன்னதும் சரி என்றே நினைக்கிறேன்.

கட்டடமும் ஓவியமும் ஒரே கையில் பிறந்ததற்கு மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் மத்திய நூலகம் நல்ல உதாரணம். ஹுவான் ஓ'கோர்மன் கட்டடக்கலைஞரும் ஓவியரும் ஆவார். நூல் அடுக்குகளுக்கு வெயில் ஆகாது, எனவே மேல்தளங்களுக்கு ஜன்னல் வேண்டாம். அப்படிக் கிடைத்த நான்கு பெரிய மூடிய முகங்களில் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டருக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த வண்ணக் கற்களைப் பதித்தார். கல்லின் நிறம் வெயிலில் வெளிறாது. ஓவியத்துக்கான சுவரும் அதன் பொருளும் கட்டடத்தின் தேவையிலிருந்தே வந்தன.

நடைமுறையில் ஓவியரை அழைக்கவேண்டிய நேரம் தளவரைபடம் தயாராகும்போது. ஜன்னல் இடம், விளக்குக் கோணம், சுவரின் பின்னால் போகும் குழாய், விரிவு இணைப்பு, தாங்கக்கூடிய எடை ஆகிய ஐந்தும் அவர் கைக்குப் போகவேண்டும். எடையைக் குறைத்து நினைக்காதீர்கள்: 25 மில்லிமீட்டர் கருங்கல் பலகை சதுர மீட்டருக்கு 65 கிலோவைத் தாண்டும், பதிக்கும் சாந்து அதற்கு மேல். அதே சுவரில், அதே காரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மாதிரிப் பகுதி செய்து ஒரு மழையும் ஒரு வெயிலும் படவிட்டுப் பாருங்கள். வேலை முடிந்ததும் காரைக் கலவை, பூச்சின் கனம், வண்ணத்தின் வகை, தீட்டிய தேதி ஆகியவற்றை எழுதிக் கட்டடத்தின் வரைபடங்களோடு கோப்பில் வைக்கவேண்டும். நாளைக்கு அந்தச் சுவரில் ஒயர் இழுக்க வருபவர் உளியை எடுக்கும் முன் அந்தத் தாள் அவர் கைக்குப் போகவேண்டும்.