பத்தியத்தை இன்னும் இறுக்குவதற்கு முன்

பாலை நிறுத்தியாயிற்று. கோதுமையும் போயிற்று. வெங்காயம், பூண்டு, பருப்பு வகைகள், பாதிப் பழங்கள் என ஒவ்வொன்றாக விலக்கி, தட்டில் ஏழெட்டுப் பொருள்தான் மிச்சம். ஆனாலும் உப்புசமும் வயிற்றுவலியும் விட்டபாடில்லை. இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் அடுத்து எதை நிறுத்தலாம் என்றுதான் தேடுகிறார்கள். அநேகமாக அது தவறான திசை. ஒழுங்காக நான்கைந்து வாரம் பத்தியம் இருந்தும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், தொல்லைக்குக் காரணம் உணவாக இல்லாமல் இருக்கலாம். தெரியாமலே விலக்கிய பொருள் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். பத்தியமே புதிதாக ஒரு தொல்லையைக் கிளப்பியும் இருக்கலாம்.

பரிசோதனைகள் முடியாமல் பத்தியத்தில் இறங்கியவர்கள் முதலில் அங்கே திரும்பிப் போகவேண்டும். கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைச் சேதப்படுத்துவதே சீலியாக் நோய். அதற்கான டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனை, க்ளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். கோதுமையை நிறுத்திப் பல மாதம் கழித்து எடுத்தால், நோய் இருந்தாலும் ‘இல்லை’ என்று வரலாம். சரியான விடை வேண்டுமென்றால் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் க்ளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டுவிட்டு எடுக்கவேண்டும். இதை மருத்துவரிடம் பேசிவிட்டுச் செய்வது நல்லது. கூடவே மொத்த ஐஜிஏ (இந்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்பொருள் வகை) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு இயல்பிலேயே ஐஜிஏ குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்தப் பரிசோதனை ஏமாற்றிவிடும். மலத்தில் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு, குடலில் அழற்சி இருக்கிறதா அல்லது ஐபிஎஸ் (அழற்சி இல்லாமலே வலியும் உப்புசமும் தரும் எரிச்சல் குடல் நோய்) வகைத் தொல்லையா என்று பிரித்தறிய உதவும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் விடவேண்டாம்.

பித்தப்பையை எடுத்த பிறகு காலையில் அவசரமாக, தண்ணீராகப் போகிறது என்றால், பித்த அமிலம் பெருங்குடலுக்கு அதிகமாக இறங்குவது காரணமாக இருக்கலாம். வெங்காயத்தை எத்தனை மாதம் நிறுத்தினாலும் இது தீராது. பித்த அமிலத்தைப் பிடித்துவைக்கும் மருந்துதான் வேலை செய்யும். மாத்திரைகளையும் ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் மக்னீசியமும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும். இரும்புச்சத்து மாத்திரை பலருக்கு மலத்தைக் கட்டும். சர்க்கரை இல்லாத இருமல் சிரப்பில் வயிற்றை இளக்கும் இனிப்பூட்டியான சார்பிட்டால் இருக்கக்கூடும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பத்தியத்தை வைத்து நாள் கடத்தவேண்டாம். மறுபக்கம், ‘உணவு ஒவ்வாமை’ என்று நூறு உணவுகளுக்கு ஐஜிஜி (இன்னொரு வகை எதிர்ப்பொருள்) அளவு பார்த்துத் தரும் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். ஐஜிஜி இருப்பது அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதையே காட்டும். அது ஒத்துக்கொள்ளாது என்பதற்குச் சான்று அல்ல. ஏற்கெனவே குறுகிய தட்டை இன்னும் குறுக்கிவிடுவதுதான் அதன் பலன்.

இனி பத்தியத்துக்குள் என்ன பிசகுகிறது என்று பார்ப்போம். ஐபிஎஸ்ஸுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் லோ ஃபாட்மேப் முறை, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது. ஃபாட்மேப் என்பவை சிறுகுடல் சரியாக உறிஞ்சாத குறுஞ்சங்கிலி மாவுச்சத்துகள்: பாலில் உள்ள லாக்டோஸ், தேனில் உள்ள ஃப்ரக்டோஸ், கோதுமை, வெங்காயம், பூண்டில் உள்ள ஃப்ரக்டான் போன்ற வகைகள். இவை தண்ணீரை இழுக்கும். பெருங்குடலில் பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். இதில் எல்லாமே அளவுக் கணக்கு. ஒரு பொருளைச் சிறிதளவு சாப்பிடலாம் என்று பட்டியல் சொல்கிறது. அதே வகையைச் சேர்ந்த மூன்று பொருளை ஒரே வேளையில் சிறிது சிறிதாகச் சாப்பிட்டால் கூட்டுத்தொகை எல்லை தாண்டிவிடும். ‘அனுமதித்ததை மட்டும்தான் சாப்பிட்டேன், பிறகும் ஏன்’ என்று கேட்பவர்களில் பலருக்கு விடை இங்கே இருக்கிறது.

ஒளிந்து வருபவை இன்னொரு கூட்டம். க்ளூட்டன் இல்லாத ரொட்டி, நார்ச்சத்து சேர்த்த பிஸ்கட், புரோட்டீன் பார் ஆகியவற்றின் உறையில் இனுலின் அல்லது சிக்கரி வேர் நார் (இரண்டும் ஃப்ரக்டான் வகை) என்று இருக்கிறதா பாருங்கள். சூப் பொடியிலும் மசாலாக் கலவையிலும் வெங்காயத்தூள், பூண்டுத்தூள். சூயிங்கத்தில் சார்பிட்டால், மானிட்டால், சைலிட்டால். சூப்பில் பூண்டைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பிறகு எடுத்துவிடுவதும் பயன் தராது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரைந்து இறங்கிவிட்டிருக்கும். எண்ணெயில் அது கரையாது என்பதால், பூண்டை எண்ணெயில் வதக்கி, துண்டுகளை முழுக்க எடுத்துவிட்டு அந்த எண்ணெயைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். அதை வெளியே வைத்துச் சேமிக்கவேண்டாம், பாட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சு உண்டாகும் அபாயம் உண்டு. அன்றன்றைக்குச் செய்துகொள்வதே மேல்.

வலி வந்ததும் கடைசியாகச் சாப்பிட்டதைக் குற்றம் சொல்வது இயல்பு. ஆனால் புளிக்கும் பொருள் பெருங்குடலுக்குப் போய்ச்சேரச் சில மணி நேரம் ஆகும். இன்று மாலை உப்புசத்துக்கு இன்று காலையோ நேற்று இரவோ காரணமாக இருக்கலாம். சாப்பிட்ட பத்து நிமிடத்தில் ஓடவேண்டியிருந்தால் அது பெரும்பாலும் அந்த உணவின் குற்றம் அல்ல. வயிறு நிறைந்ததும் பெருங்குடல் சுருங்கும் இயல்பான அனிச்சை அது. பெரிய சாப்பாடு, அதிகக் கொழுப்பு, காபி மூன்றும் அதைத் தூண்டும். பயந்து பகலெல்லாம் பட்டினி கிடந்து இரவில் வயிறு முட்டச் சாப்பிடுபவர்களுக்கு இதனால்தான் எந்த உணவுமே ஒத்துக்கொள்ளாததுபோல் தெரிகிறது.

பத்தியமே உண்டாக்கும் தொல்லைகளில் முதலிடம் மலச்சிக்கலுக்கு. முழுதானியம், பருப்பு, பழம் மூன்றையும் நீக்கினால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? கட்டிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிவதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, இன்னும் நாரைக் குறைப்பவர்களும் உண்டு. இசப்கோல் உமி இங்கே நல்ல துணை; கோதுமைத் தவிடு பலருக்கு வலியைக் கூட்டும். அரைத் தேக்கரண்டி உமியை 250 மி.லி. தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிடுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி கூட்டி, இரண்டு மூன்று தேக்கரண்டிவரை, இரண்டு வேளையாகப் பிரித்துப் போகலாம். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி இருக்கட்டும். விழுங்கச் சிரமம், குடல் அடைப்பு உள்ளவர்கள் இதைத் தொடவேண்டாம்.

விலக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம்வரைதான். நீட்டித்தால் நன்மை கூடாது. குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோ பாக்டீரியா குறையும், கால்சியம் குறையும். பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். தொல்லை அடங்கியதும் திருப்பிச் சேர்க்கும் கட்டத்துக்கு வந்துவிடவேண்டும். அடிப்படைப் பத்தியம் அப்படியே இருக்க, ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டும் மூன்று நாள் சோதிக்கவேண்டும். லாக்டோஸுக்குப் பால்: முதல் நாள் 60 மி.லி., இரண்டாம் நாள் 125, மூன்றாம் நாள் 250. ஒரு டம்ளர் பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும். லாக்டோஸ் சரியாகச் செரிக்காதவர்களில் பலரும் இந்த அளவைத் தாங்கிக்கொள்வார்கள், குறிப்பாக மற்ற உணவோடு சேர்த்துக் குடித்தால். ஃப்ரக்டோஸுக்குத் தேன்: ஒரு தேக்கரண்டி, பிறகு ஒன்றரை, பிறகு இரண்டு. மானிட்டாலுக்குக் காளான். பருப்பு வகைக்கு வேகவைத்து நீர் வடித்த கொண்டைக்கடலை. ஃப்ரக்டானை மட்டும் ஒரே சோதனையில் முடிக்காதீர்கள். கோதுமை ரொட்டி, வெங்காயம், பூண்டு மூன்றையும் தனித்தனியே பாருங்கள். பூண்டில் சுருண்டு விழுபவர் இரண்டு துண்டு ரொட்டியை நிம்மதியாகச் சாப்பிடலாம். தொல்லை வந்தால் அன்றே நிறுத்தி, முழுதாக அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வகைக்குப் போங்கள். வராவிட்டாலும் இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும். மாதவிடாய் நாட்களிலும், பயணத்தின்போதும், ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போதும் சோதித்த முடிவை நம்பவேண்டாம்.

தேறிய வகையை எல்லாச் சோதனையும் முடியும்வரை தட்டுக்குக் கொண்டுவரவேண்டாம், கணக்குக் குழம்பும். தேறாததை மூன்று மாதம் கழித்துப் பாதி அளவில் மறுபடி சோதியுங்கள். இதற்கிடையில் எடை இறங்கிக்கொண்டே இருந்தாலோ, சாப்பாட்டைக் கண்டாலே பயம் வந்தாலோ சோதனைகளை நிறுத்திவிட்டு, விலக்கியவற்றில் லேசான தொல்லை மட்டும் தந்ததை முதலில் திரும்பச் சேர்த்துக்கொண்டு, உணவியல் நிபுணரைப் பாருங்கள்.